நாலு அங்குல ஜலத்தில் ஓடும் படகு

படகு ஓட ஜலம் வேண்டும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். எவ்வளவு ஜலம் வேண்டும் என்று கேட்டால்தான் தகராறு வருகிறது. நியூஸிலாந்தின் தெற்குத் தீவில் ஓடும் ரக்காயா, ரங்கிடாடா, வைமக்கரிரி முதலிய நதிகள் இந்தத் தகராறைக் கிளப்புவதற்கென்றே பிறந்தவை போலும்! பனிமலைகளிலிருந்து அவை வாரிக்கொண்டு வரும் கூழாங்கற்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கற்களை அகன்ற படுகையெங்கும் பரப்பி, அவற்றினூடே பிரித்துப் போட்ட கூந்தலைப்போலப் பல கால்களாகப் பிரிந்தும் கூடியும் ஓடுகின்றன. போன வெள்ளத்துக்கு முன் படகு போன வழி இந்த வெள்ளத்துக்குப் பின் மணல் திட்டாகியிருக்கும். சாதாரண விசைப்படகின் அடியில் தொங்கும் சுழல் விசிறி அங்கே கால் நாழிகைகூடத் தாங்காது.

அந்தப் பிரதேசத்தில் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை 1921-ல் வாங்கியவர் வில்லியம் ஹாமில்டன் என்பவர். தமக்கு வேண்டிய கருவியைப் பிறர் செய்து தரட்டும் என்று காத்திருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. பண்ணையிலேயே அணை கட்டி, தம் பட்டறைக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக் கொண்டார். தம் வாசலில் ஓடும் நதியில் படகு விட முடியவில்லையே என்ற குறை மட்டும் அவரை விடவில்லை. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு நீர்ப்பீச்சு யந்திரத்தை ஆராய்ந்து பார்த்தார். அது படகின் அடிவழியே ஜலத்தை உறிஞ்சி, நீருக்குள்ளேயே பின்புறமாகப் பீச்சித் தள்ளியது. மணிக்குப் பதினோரு மைல் வேகத்துக்கு மேல் படகு போகவில்லை. ஹாமில்டன் 1954-ல் பீச்சு குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வைத்தார். அவ்வளவுதான்! வேகம் பதினேழு மைலாயிற்று. படகின் அடியில் தொங்கி இழுபட்டுக்கொண்டிருந்த உறுப்பும் ஒழிந்தது. 1974-ல் அவருக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது.

இவ்வாறு பிறந்த ஜெட் படகு 1960-ல் அமெரிக்காவின் கொலராடோ நதியில், கிராண்ட் கான்யன் என்ற பெரும் மலைப் பிளவினூடே, பிரவாகத்தை எதிர்த்து ஏறிற்று. நம் தேசத்துக்கும் அது வந்திருக்கிறது. எவரெஸ்டு சிகரம் ஏறிய எட்மண்டு ஹில்லரி, 1977-ல் கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து இமயத்தை நோக்கி மூன்று ஜெட் படகுகளில் புறப்பட்டார். அவற்றில் ஒன்றின் பெயர் 'கங்கா'. ஹாமில்டனின் புதல்வர் ஜான் ஓட்டுபவர்களில் ஒருவராயிருந்தார். நந்தப்பிரயாகைக்கு அருகே ஒரு நீர்வீழ்ச்சி குறுக்கிட்டு, இனிமேல் நடந்து போ என்று சொல்லி அவர்களைத் தடுத்துவிட்டது.

சாகசம் போகட்டும். இந்தப் படகை வைத்துக்கொண்டு ஜீவனம் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன். தெற்குத் தீவின் நதிகளில் 'டிரௌட்' என்னும் மீன் இருக்கிறது. (நீலகிரிக்குப் போய் வந்த நேயர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்.) அது அந்நாட்டின் பூர்வ குடியல்ல, 1867-ல் டாஸ்மேனியாவிலிருந்து முட்டையாக வந்து இறங்கியது. அதைப் பிடிக்கப் புழுவும் வலையும் வேண்டாம். இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி, ஒரு பொய் ஈயைச் செய்து, நீண்ட கயிற்றை வீசி அதன் மூக்குக்கு முன்னால் மெல்ல இறக்கவேண்டும். இதற்காகக் கடல் கடந்து வருகிறவர்கள் உண்டு. அவர்களை மீனிருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறவர் வழிகாட்டி. அவருடைய மூலதனம் ஒரு ஜெட் படகு.

கடையில் வாங்கிய படகு அப்படியே அவருக்கு உபயோகப்படாது. முதற் காரியம் அடித்தட்டு. கால் அங்குலக் கனமுள்ள அலுமினியத் தகடு, அதன்மேல் வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் உறை. கல்லில் உராய்ந்தால் உலோகம் பற்றிக்கொண்டு நின்றுவிடும். பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஜலம் உறிஞ்சும் வாயில் கம்பிச் சல்லடை இருக்கும். அதில் கூழாங்கல் சிக்கிக்கொண்டால் படகின் உள்ளிருந்தே நீக்குவதற்கு வழி செய்துகொள்ளவேண்டும். நடுநதியில் குளிர்ந்த நீரில் இறங்கிக் கல்லைப் பொறுக்குவது விருந்தாளிகளுக்கு முன் அவ்வளவு கௌரவமான தொழில் அல்ல.

அடுத்தது பாரம். இங்கேதான் இந்தப் படகின் விசித்திரம் முழுதும் அடங்கியிருக்கிறது. வேகம் பிடித்ததும் அது நீரைப் பிளக்காமல் மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போது மூன்று, நாலு அங்குல ஜலம் போதும். வேகம் தணிந்தால் உடனே அமிழ்ந்து ஓர் அடிக்குக் குறையாமல் கேட்கிறது. ஆகையால் ஆழமற்ற இடத்தில் பயந்து நிறுத்துகிறவன்தான் தரை தட்டுகிறான். இன்னொன்று: இதற்குச் சுக்கான் கிடையாது. பீச்சும் ஜலத்தைத் திருப்பித்தான் படகைத் திருப்பவேண்டும். எதிரே பாறையைக் கண்டு விசையை நிறுத்தினால், திருப்பும் சக்தியும் கூடவே போய்விடும். படகு நேரே பாறையைப் பார்த்துப் போகும். ஆபத்தில் தைரியமாக விசையைக் கூட்டு என்று கைக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பழக்கம் வருவதற்கு முன் பிறரை ஏற்றிச் செல்பவனை மன்னிக்கலாகாது என்பது என் அபிப்பிராயம். பாரம் குறைந்தால்தான் படகு சீக்கிரம் எழும்பும். ஆகவே எண்ணெய்த் தொட்டியையும் மின்கலத்தையும் முன்னே நகர்த்துவார்கள்; மெத்தை வைத்த ஆசனங்களைக் கழற்றி எறிவார்கள்; சாப்பாட்டுப் பெட்டியையே ஆசனமாக்குவார்கள்.

மூன்றாவது, வீசும் கயிறு. பொய் ஈக்குக் கனமே இல்லை. கயிற்றின் கனந்தான் அதைக் கொண்டு போகிறது. ஆகவே வீசுகிறவர் காலடியில் கயிறு சுருள் சுருளாகக் கிடக்கும். அது எதையும் விடாது. ஆணித்தலை, கொக்கி, கீல், பூட்ஸ் முடிச்சு, எல்லாவற்றிலும் மாட்டிக்கொள்ளும். அதுவும் பெரிய மீன் வரும் சமயம் பார்த்து மாட்டிக்கொள்ளும். படகிலிருந்தே வீசும் அகன்ற நதிகளில், வழிகாட்டி தம் படகின் முன்தட்டை மாப்பிசையும் பலகைபோல் வெறுமையாக்கி விடுகிறார். கட்டும் கொக்கிகளைத் தட்டுக்குள் மடங்கும்படி அமைக்கிறார். நிற்பவர் தடுமாறாதிருக்க இடுப்பளவில் ஒரு வளைந்த கம்பி. ஒன்பது அடிக் கோல்களைப் பிரிக்காமலே செருகிவைக்கப் பக்கச் சுவரை ஒட்டி நீண்ட குழாய்கள். யந்திரத்தை நிறுத்தியபின் ஓசையின்றி நகர்வதற்கு ஒரு ஜோடி துடுப்பு. இத்தனை குதிரைச் சக்தியையும் விலைக்கு வாங்கியவர் கடைசியில் துடுப்பைத் தேடுகிறார்!

சிறிய, தெளிந்த நதிகளில் துடுப்பும் போதாது. டிரௌட் பிரவாகத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அதன் பின்புறமாக, கரையோடு நடந்து போய்த்தான் அணுகவேண்டும். அங்கே படகு வெறும் வண்டி. கீழேயே அதைக் கரையில் ஏற்றிவிட்டு இறங்க, மூக்கில் மடக்கு ஏணி வைக்கிறார்கள்.

இன்னொரு மாறுதல் சமீபத்தில் வந்தது. 2004-ல் தெற்குத் தீவின் வையாவு நதியில் 'டிடிமோ' என்ற நுண்பாசி கண்டுபிடிக்கப்பட்டது. கற்களின்மேல் கம்பளிபோல் படர்ந்துவிடும். ஒரு துளி ஈரத்தில் ஒளிந்துகொண்டு ஒரு நதியிலிருந்து மற்றொரு நதிக்குப் போகக்கூடியது. ஆகவே படகில் விரித்த கம்பளம் போயிற்று. ஈரம் பிடிக்காத ரப்பர் வந்தது. அடித்தட்டில் ஜலம் தங்கும் மூலைகளை அடைத்தார்கள். மீன் பிடிப்பவர்களின் பூட்ஸுக்குக் கீழே இருந்த கம்பளி அடியைக்கூட அந்நாட்டார் 2008-ல் தடை செய்துவிட்டார்கள். நதி மாறும்போதெல்லாம் கழுவு, உலர்த்து என்பது இப்போது கட்டாயம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு விஷயத்துக்குப் படகில் மாறுதல் செய்து பரிகாரம் காண முடியவில்லை. அந்தக் கூழாங்கல் திட்டுகளில் 'ரைபில்' என்ற சிறு பறவை முட்டையிடுகிறது. அதன் அலகு வலப்புறமாக வளைந்திருக்கும். உலகில் வேறு எந்தப் பறவைக்கும் அப்படிக் கிடையாது. கல்லுக்கடியில் ஒளியும் பூச்சியைக் குடைந்தெடுக்க அந்த வளைவு உதவுகிறது. தெற்குத் தீவின் இந்த நதிப்படுகைகளைத் தவிர வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. கூடு என்பதும் பெயருக்குத்தான். கல்லிடையே ஒரு பள்ளம். முட்டையும் கல் நிறம். மீன் பிடிக்கும் பருவம் ஆரம்பமாகும் வசந்த காலத்திலேயே அதற்கும் குஞ்சு பொரிக்கும் காலம். நாலு அங்குல ஜலத்தில் போகக்கூடிய படகு எந்தத் திட்டிலும் மூக்கை வைக்கலாம். முன்பெல்லாம் ஆழமின்மையே அந்தப் பறவைக்குக் காவலாயிருந்தது.

நல்ல வழிகாட்டிகள் அந்த மாதங்களில் செடி முளைக்காத வெறுங்கல் திட்டுகளை விட்டு, புல் வளர்ந்த நிரந்தரக் கரைகளில்தான் விருந்தாளிகளை இறக்குகிறார்கள். அதனால் சில நல்ல மடுக்களை எட்ட அரை மைல் கூடுதலாக நடக்கவேண்டியிருக்கிறது. பணம் கொடுத்து வந்தவர் முணுமுணுப்பார். வழிகாட்டி கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிடுகிறார்.