காற்றாலை நிரைகளுக்கு இடையே ‘பறவை வழி’: எமது நிலைப்பாடு

மன்னார்த் தீவில் எந்தக் காற்றாலைத் திட்டத்துக்கும், கோபுரங்களுக்கு இடையே விடப்படும் ‘பறவை வழி’யைப் போதுமான பாதுகாப்பு ஏற்பாடாக எமது அமைப்பு ஏற்றுக்கொள்ளாது. இது செயற்குழுவின் ஏகமனதான முடிவு. மற்ற விடயங்களில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு; அது கீழே அந்தந்த இடத்தில் சொல்லப்படுகிறது.

கடந்த கதையை உறுப்பினர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசெம்பரில் தெற்குக் கரையில் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 கோபுரங்கள், அதற்குப் பின் அதானி நிறுவனம் நிறுவவிருந்த 52, இப்போதைய 14, அவற்றுக்கு ஜனாதிபதி விதித்த ஒரு மாத இடைநிறுத்தம், 2025 செப்ரெம்பர் 26 இரவு பாரவூர்திகள் பொலிஸ் பாதுகாப்போடு வந்தபோது தெருவில் நடந்தது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் பதிவு செய்கிறோம். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகியது, அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையை அரசு மறுபரிசீலனை செய்யப் புறப்பட்ட பின்னர்தான். பூநாரைக்காக அந்தத் திட்டம் நின்றது என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். விலை படிந்திருந்தால் அந்த 52 கோபுரங்களும் எழுந்திருக்கும் என்பதே எங்களில் பெரும்பாலானோரின் எண்ணம்.

இனி பறவை வழிக்கு வருவோம். கேள்வி கேட்கும்போதெல்லாம் திட்டக்காரர்கள் வரைபடத்தை விரித்துக் காட்டுகிறார்கள். இரண்டு கோபுர நிரைகள், நடுவே வெற்றிடம், அதற்குள் ஓர் அம்புக்குறி. பறவை அந்த அம்புக்குறியில் போகுமாம்.

மலைநாடுகளில் இயந்திரமில்லாக் கிளைடர் ஓட்டுபவர்களிடம், ஆழமான மலைப்பிளவுக்குள் பறக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். திரும்புவதற்கு அகலம் உண்டா, எந்தச் சுவருக்குப் பின்னால் காற்று கீழே விழுந்து சுழல்கிறது, இறங்க நேர்ந்தால் எங்கே இறங்குவது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். மேலே ஏற இயந்திரம் இல்லாதவனுக்கு இந்த மூன்றும் உயிர்ப் பிரச்சினை. விடை திருப்தி தராவிட்டால் அவன் அன்றைக்குப் பறக்க மாட்டான். மன்னாரில் மலையும் இல்லை, பிளவும் இல்லை, தட்டை நிலம். பிளவை நாங்களே கட்டி எழுப்பிவிட்டு, அதற்குள் பத்திரமாகப் போகலாம் என்று பறவைக்கு அனுமதிப்பத்திரம் எழுதுகிறோம்.

வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடம் காற்றில் வெறுமையாக இல்லை. தம்பபவனியின் சுழலி ஒவ்வொன்றும் 126 மீற்றர் விட்டம் கொண்டது. முழு வேகத்தில் சுழலும்போது இதழின் நுனி மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. சுழலி காற்றின் விசையை உறிஞ்சிவிட்டுப் பின்னால் விடுவது வேகம் குறைந்த, சுழித்துக் குழம்பிய காற்று. அந்தக் குழப்பம் சுழலியின் விட்டத்தைப் போலப் பல மடங்கு தூரம் நீளும். அது ஓரிடத்தில் கிடப்பதும் இல்லை: சோளகத்தில் வடகிழக்குப் பக்கம் நீளும், வாடையில் தென்மேற்குப் பக்கம் திரும்பும். காற்று மாறக் குழம்பிய பகுதியும் மாறுகிறது. அம்புக்குறி மட்டும் தாளில் அப்படியே இருக்கிறது. இந்தச் சின்ன விடயத்தை எங்கள் கரையில் பாய் கட்டி ஓடிய எவரும் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த வழியால் போக வேண்டியவை எவை? பூநாரை, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, கருவால் மூக்கன் போன்றவை பெருங்கூட்டமாகப் பறப்பவை. நீண்ட பயணத்தை மட்டுமல்ல, மேய்ச்சலுக்கான இடமாற்றத்தையும் பெரும்பாலும் இருட்டில் செய்பவை. பூநாரையும் வாத்தும் சட்டென்று திரும்ப முடியாத கனத்த உடல் கொண்டவை. அவற்றின் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். மழை எங்கே தேங்கியதோ, வங்காலை உப்புத் தரவையில் எந்தப் பக்கம் நீர் நின்றதோ, அதைப் பார்த்துத்தான் அவை போகும். செம்பருந்து போன்றவை வெய்யிலில் எழும் வெப்பக் காற்றில் வட்டமிடுகின்றன. இரையைத் தேடித் தலையைக் குனிந்து பறக்கும் பெரிய பறவைகள் சிலவற்றுக்கு நேர் முன்னால் இருப்பதே கண்ணுக்குப் படாது என்பது ஆய்வில் காட்டப்பட்ட உண்மை. கடலுக்கு மேல் அந்த வெப்பக் காற்று எழாததால், மிதந்து செல்லும் பறவைகள் அகன்ற கடலைத் தவிர்த்துக் குறுகிய கடப்பைத் தேடும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான், அதிலும் மணல்திட்டுகள் உண்டு. இப்படியான ஒரு வாசலில்தான் நிரை நிரையாகக் கோபுரம் நடுகிறார்கள்.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை சென்றன. வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம். இவ்வளவையும் உலகத்துக்குப் பெருமையாகச் சொல்லிவிட்டு, உள்ளூரில் அம்புக்குறி காட்டுவதை என்னவென்று சொல்வது?

வெளிநாட்டு அனுபவமும் எங்கள் பக்கமே நிற்கிறது. கலிபோர்னியாவின் அல்டமொன்ட் கணவாயில், காற்று நன்றாக வீசுகிறது என்று நிறுத்திய காற்றாலைகள் பல பத்தாண்டுகளாகப் பொன்னாக் கழுகுகளைக் கொன்றன. ஸ்பெயினின் தரிஃபாவில் கழுகு நெருங்குவதைக் கண்காணிப்பாளர் கண்டவுடன் அந்தச் சுழலியை மட்டும் நிறுத்தினார்கள். பிணந்தின்னிக் கழுகுகளின் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, மின் இழப்பு மிகச் சொற்பம். நோர்வேயின் ஸ்மோலா தீவில் ஓர் இதழுக்குக் கறுப்பு அடித்ததும் மோதல் வெகுவாகக் குறைந்தது. அங்கெல்லாம் பலன் தந்தது சுழலியை நிறுத்துவதும் அதைப் பறவையின் கண்ணுக்குத் தெரியச் செய்வதும்தான்.

எனவே எமது கோரிக்கை இதுதான். மன்னாரில் காற்று உச்சம் தொடுவது சோளகத்தில். வலசைப் பறவைகள் நிறைந்திருப்பது வாடையில். இரண்டும் ஒரே காலம் அல்ல என்பது எங்களுக்குக் கிடைத்த பேறு. ஒக்டோபர் முதல் மார்ச் வரை, இரவிலும் விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும், கூட்டம் நெருங்கும்போது சுழலிகளை நிறுத்தும் பொறுப்பு உரிமத்திலேயே எழுதப்பட வேண்டும். நிறுத்திய நேரமும் நிறுத்தாத நேரமும் மாதந்தோறும் மாவட்டச் செயலகத்தில் ஒட்டப்பட வேண்டும். பறவைகளைக் கண்டறிய ராடார் இருக்கிறது என்று சொல்வது விடையாகாது. அது எந்த இரவில் எந்தச் சுழலியை நிறுத்தியது என்பதைக் காட்டுங்கள். புதிய பறவை ஆய்வு எதுவாயினும் இரண்டு முழு வாடைக் காலங்களை உள்ளடக்க வேண்டும்.

மின்கம்பி பற்றி ஒரு சொல். சுழலியாவது சத்தம் போடும். கம்பி இருட்டில் சும்மா தொங்கும். வங்காலைச் சரணாலயத்தைக் கடக்கும் மின்பாதையைப் பறவைக்குத் தெரியும்படி அடையாளமிட வேண்டும். இயன்ற இடத்தில் நிலத்துக்கடியில் கொண்டுசெல்ல வேண்டும். இந்தியாவில் மின்கம்பியில் மோதிக் கானமயில் செத்த பிறகுதான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நாங்களும் அதுவரை பொறுத்திருக்கவா?

மழைநீர் வழிந்தோடும் பாதைகள் கோபுர வீதிகளால் அடைபடுவது, கரைவலைப்பாடுகளின் நிலை, கனிய மணல் அகழ்வு ஆகியவற்றில் எமது முன்னைய நிலைப்பாடு தொடர்கிறது.

காற்று மின்சாரத்தை எமது அமைப்பு கொள்கையளவில் எதிர்க்கவில்லை. எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் நாங்களும்தான். தீவுக்குள் இனி ஒரு கோபுரமும் கூடாது என்பது உறுப்பினர்களில் ஒரு பகுதியினரின் உறுதியான நிலைப்பாடு. நிபந்தனைகளுடன் பேசலாம் என்பது ஏனையோரின் கருத்து. இரு தரப்பும் உடன்பட்ட வாசகம் இது: தற்போதைய நிலையில், மேற்சொன்னவை நடைமுறைக்கு வரும்வரை, தீவுக்குள் மேலதிகக் கோபுரங்களை நாம் ஆதரிக்க மாட்டோம். மக்களின் சம்மதம் என்று சொல்லப்படுவது, பொலிஸ் பாதுகாப்போடு இரவில் கொண்டுவரப்படும் பாரவூர்தியால் பெறப்படுவதல்ல. இந்த வசனத்தை மென்மையாக்கும்படி ஆலோசனை வந்தது. செயற்குழு அப்படியே விட்டிருக்கிறது.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் வாடையில் கோபுரத்தடியிலோ கம்பியின் கீழோ செத்த பறவையைக் கண்டால் கையால் தொடாதீர்கள், அப்புறப்படுத்தவும் வேண்டாம். படம் எடுங்கள், இடம், திகதி, நேரம், அருகிலுள்ள கோபுரத்தின் இலக்கம் நான்கையும் எழுதி, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு ஒரு பிரதியும் எமக்கு ஒரு பிரதியும் அனுப்புங்கள்.