பெரிய கைகளின் பட்டியல்

தம் சேமிப்பிற் சிறிது பகுதியைப் பங்குகளில் இட்டிருக்கும் குடும்பத்தலைவர்களிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கக் காண்கின்றோம். பெரிய நிறுவனங்கள் வாங்கினால் தாமும் வாங்கலாம், அவை விற்றால் தாமும் விற்றுவிட வேண்டும் என்பதே அது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வெண்ணத்துக்குச் சட்டமே துணைநிற்கின்றது. 1975ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, பத்துக் கோடி டொலருக்குக் குறையாத பங்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கொருமுறை தம் கையிருப்புப் பட்டியலை அரசாங்க ஆணைக்குழுவிடம் சமர்ப்பித்தல் வேண்டும். எவரும் அதனை இலவசமாகப் பார்வையிடலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டியல் எப்பொழுது கைக்கு வருகின்றது என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். காலாண்டு முடிந்தபின் 45 நாள் அவகாசம் உண்டு. ஏப்ரில் முதல் வாரத்தில் நடந்த விற்பனை, ஓகஸ்ட் நடுப்பகுதியிலேதான் வெளிச்சத்துக்கு வரலாம். யானை காட்டைக் கடந்தபின் அதன் தடத்தை அளப்பது போன்றதே இவ்வேலை.

அப்பிள் கம்பனியின் கதையைப் பார்ப்போம். வொரன் பவெற் அப்பொழுது தலைமை வகித்த பேர்க்ஷயர் ஹதவே நிறுவனம், 2023 முடிவில் அக்கம்பனியின் பங்குகள் 90 கோடிக்கு மேல் வைத்திருந்தது. அடுத்த மார்ச் முடிவில் அது ஏறக்குறைய 79 கோடியாயிற்று. யூன் முடிவில் 40 கோடி! பட்டியல் வருமுன்பே, 2024 ஓகஸ்ட் 3ஆந் திகதி சனிக்கிழமை, பேர்க்ஷயரின் காலாண்டுக் கணக்கறிக்கை இவ்விற்பனையை வெளிப்படுத்திற்று. திங்களன்று அப்பிள் பங்கின் விலை நூற்றுக்கு ஐந்து அளவில் வீழ்ந்தது. அன்றோ ஜப்பானியச் சந்தை நூற்றுக்குப் பன்னிரண்டு சரிந்து, பிறநாட்டுச் சந்தைகளையும் கலக்கிய நாள். வீழ்ச்சியில் பேர்க்ஷயரால் விளைந்தது எவ்வளவு என யாரால் பிரித்துரைக்க இயலும்? மகளின் மேற்படிப்புக்கென வைத்திருந்த பங்கை அன்று 209 டொலரளவிற் பதறி விற்ற ஒரு தந்தை இருந்திருப்பாராயின், ஆண்டு முடிவில் அதே பங்கு 250 டொலராக நிற்கக் கண்டிருப்பார்.

விற்றவர் ஏன் விற்றார் என்பதைப் பட்டியல் கூறுவதில்லை. முதற் காலாண்டு விற்பனையைப் பற்றி அவ்வாண்டு மே மாதக் கூட்டத்திற் பேசிய பவெற், இலாபத்தின் மீதான வரி பின்னர் உயரக்கூடும் என்றார். அன்றியும், பேர்க்ஷயர் வைத்திருந்த பங்குகளின் மதிப்பில் ஏறத்தாழப் பாதி இவ்வொரு கம்பனியிலேயே தங்கியிருந்தது. ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஆசிரியருக்கு இக்கவலைகளில் எது பொருந்தும்?

மறைப்புக்கும் சட்டத்தில் இடமுண்டு. சப் என்னும் காப்புறுதிக் கம்பனியின் பங்குகளை 2023இன் மூன்றாங் காலாண்டில் வாங்கத் தொடங்கிய பேர்க்ஷயர், அனுமதி பெற்று, 2024 மே வரை அப்பெயரை வெளியிடவில்லை. வெளியானபோது அதன் மதிப்பு 670 கோடி டொலர்.

வணிகம் பயிலும் மாணவர்கள் இப்பட்டியல்களைப் பார்க்க வேண்டாமென நாம் கூறவில்லை. ஒரே கம்பனியைப் பற்றி ஏழெட்டுக் காலாண்டுகளின் பட்டியல்களை வரிசைப்படுத்தி, பக்கத்தில் அக்கம்பனியின் ஆண்டறிக்கையையும் விரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம்.