பழைய பெட்டிக்குப் புது வண்ணம்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பணிமாற்ற ஆணைகள் வரும் காலத்தில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளின் வாயிலோரத்தில் ஒரு குவியல் எழும். விரிசல் விட்ட வாளி, காலொடிந்த நாற்காலி, அட்டை கிழிந்த பாடநூல்கள் ஆகியவற்றின் நடுவே, துணியால் ஆன மடக்குப் பெட்டிகளும் கிடக்கும். குழந்தைகளின் ஆடைகளையும் விளையாட்டுப் பொருள்களையும் சில ஆண்டுகள் சுமந்தவை அவை. பெரும்பாலானவற்றில் குற்றம் ஒன்றே: நிறம் மங்கிவிட்டது, அல்லது கறை படிந்துவிட்டது. இவ்வளவுக்காக ஒரு பெட்டியைக் கழித்துவிடலாமா?

கழித்த பொருள் மறைந்துபோவதில்லை. அது வேறோர் ஊருக்குப் போகிறது. இதைத் திருவனந்தபுரம் பட்டறிந்த நகரம். நகரின் குப்பையைப் பதப்படுத்த விளப்பில்சாலை என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டில் ஆலையொன்று தொடங்கப்பட்டது. துர்நாற்றத்தாலும் கழிவுநீராலும் வாடிய அவ்வூர் மக்கள் நெடுங்காலம் போராடினர். 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. அதன்பின் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை நகரத்தாருக்கு வந்தது. இன்று மக்காத கழிவுகளை ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாக வந்து திரட்டுகின்றனர். வாயிலோரத்துப் பெட்டியைத் தூக்கிச் செல்வதும் ஒருவருடைய தோள்தான்.

ஆகவே பழைய பெட்டிக்கு வண்ணம் தீட்டிப் பயன்படுத்துவது நன்று. எனினும் எல்லாப் பெட்டிக்கும் வண்ணம் பூசுதல் அறிவுடைமையாகாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகள் பல, பருத்தியால் ஆனவை அல்ல. பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழி இழைகளை அழுத்திச் செய்த நெய்யாத் துணியால் ஆனவை. நெடுநாள் வெயில் பட்டால் அத்துணி நொய்ந்துபோகும். ஓரத்தை விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பொடியாக உதிருமாயின் அதற்கு வண்ணம் வீண். உதிரும் நெகிழித்தூளுக்கு அழகு செய்வதே அது. அதனைத் தயங்காமல் சேனையினரிடம் ஒப்படைத்துவிடலாம்.

உதிராத பெட்டிக்கும் முதல் தேவை வண்ணமன்று, வெயில். இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறிப் பெய்யும் இந்நாட்டில், பெட்டியின் உள்ளிருக்கும் அட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அதில் பூஞ்சணம் படரும். பூஞ்சணத்தின் மேல் வண்ணம் பூசுவோர் பலர். சில வாரங்களில் கரும்புள்ளிகள் மீண்டும் மேலெழுவதைக் கண்டு வண்ணத்தின் மேல் பழி சுமத்துவோரும் அவர்களே. தமிழர் பங்குனி என்றும் மலையாளிகள் மீனம் என்றும் கூறும் மாதத்து வெயிலில் பெட்டியை விரித்துக் காயவைத்துத் துடைத்தல் வேண்டும். அட்டை நைந்திருந்தால் அதனை மாற்றுதலும், தையல் விட்டிருந்தால் தைத்தலும் அடுத்த பணி. செப்பனிட்ட பின்னரே தூரிகையைத் தொடுவது முறை.

துணிக்கென விற்கும் வண்ணமே ஏற்றது. சுவருக்குப் பூசும் வண்ணம் காய்ந்து விறைத்து, பெட்டியை மடித்ததும் வெடித்துப் பிளக்கும். ஒரே பூச்சாகத் தடித்துப் பூசுவதினும், பஞ்சினால் ஒற்றி ஒற்றி இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள் இடுவது சிறந்தது. பருத்தித் துணியாயின், வண்ணம் நன்கு காய்ந்தபின் உட்புறத்திலிருந்து இஸ்திரி போட்டால் அது நிலைத்து நிற்கும். நெய்யாத் துணியில் இஸ்திரிப்பெட்டியை வைத்தலாகாது, அது உருகிவிடும்.

நெகிழித்துணியில் வண்ணம் பிடிக்கவில்லை என வருந்துவோர்க்கு வேறொரு வழியும் இந்நகரின் அருகிலேயே உண்டு. நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம் என்னும் நெசவூர் உள்ளது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், பாலராம வர்மா மன்னர் காலத்தில், இன்றைய தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டு அங்குக் குடியமர்த்தப்பட்டன. கேரளத்தின் அடையாளமாகக் கருதப்படும் கசவு முண்டு, குடிபெயர்ந்த நெசவாளரின் குழித்தறியில் வளர்ந்தது என்பதை இங்கு வளரும் தமிழ்க் குழந்தைகள் அறிந்திருத்தல் தகும். அத்தகைய முண்டு ஒன்று பழையதாகி மூலையில் கிடந்தால், பெட்டியின் நாற்புறமும் அதனைச் சுற்றித் தைத்துவிடலாம். பருத்தி வண்ணத்தை விரும்பி ஏற்கும். ஆனால் முண்டில் ஏறியுள்ள கஞ்சியை முதலில் அலசிப் போக்க வேண்டும். இல்லையேல் வண்ணம் இழைக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். கசவுக் கரையின் மேல் வண்ணம் படாமல் விடுவது நல்ல சுவை.

வண்ணக் குப்பிகளின் விலைக்குப் புதுப் பெட்டியே வாங்கிவிடலாமே எனச் சிலர் வினவுவர். ஒரே ஒரு பெட்டிக்காகப் பன்னிரண்டு குப்பிகள் கொண்ட தொகுதியை வாங்குவோர்க்கு அவ்வினா பொருந்தும். பள்ளி ஓவியப் போட்டிக்கு வாங்கி மீந்த ஒரு குப்பி நீலமோ மஞ்சளோ இருந்தால் போதும். அவ்வண்ணத்தில் குழந்தை தன் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால், அடுத்த ஊரில் சாமான் வண்டி வந்து நிற்கும்போது, அடுக்கிய பெட்டிகளுள் தன்னுடையது எது என்று அது ஒருவரையும் கேட்க வேண்டியிராது.