கண்ணாடித் தொட்டியிலே கடலைக் கட்டலாமா?

"உர விலையும் அரிசி விலையும் ஆளை அடிக்கின்ற காலத்திலே அலங்கார மீனைப் பற்றியா எழுத வந்தீர்கள்?" என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். பணம் படைத்தவன் வீட்டு வரவேற்பறையிலே ஒரு மூலையை அழகுபடுத்துவதற்காகக் கடலடியிலே ஒரு நூற்றாண்டு வளர்ந்த உயிர் ஒரு நாளிலே பெயர்த்தெடுக்கப்படுகின்றது. அது மூன்று மாதத்திலே வெறுஞ் சுண்ணாம்பாகிக் குப்பைக்குப் போகின்றது. இதனைக் கண்டும் காணாதிருப்பது நமது வழக்கமன்று.

முருகைக்கல் என்றால் நமது மக்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. நெடுந்தீவின் வேலிகளே முருகைக்கல்லால் அடுக்கப்பட்டவை. ஆனால் அந்தக் கல் உயிரற்ற எலும்பு மாத்திரமே. அதனைக் கட்டியவை ஊசிமுனையளவு வாயும் உணர்கொம்புகளும் உடைய நுண்ணிய உயிர்கள். அவ்வுயிர்களின் தசைக்குள்ளே அவற்றினும் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலை உணவாக்கித் தமக்கு இடந்தந்த உயிருக்கும் ஊட்டுகின்றன. வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நிலைத்தாற் போதும். குடியிருந்த பாசி வெளியேறும், முருகை வெளிறும், பின்னர் பட்டினியாற் சாகும். 1998ஆம் ஆண்டிலே ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பாரிலும் நிகழ்ந்தது இதுவே.

இத்தகைய உயிரைத்தான் நமது நாகரிகர்கள் வீட்டிலே வளர்க்கப் புறப்பட்டிருக்கின்றார்கள். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் தோக்கியோவிலும் பரவிய இந்த மோகம், இன்று ரொறன்ரோவிலே குடியேறிய நம்மவர் வீடுகளையும் எட்டிப் பார்க்கின்றது. வளர்ப்பதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. வளர்க்கத் தெரியாமல் வாங்குவது பாவம். தெரிந்துகொண்டும் விற்பது அதனினும் பெரும் பாவம் என்கின்றோம்.

இக்கலையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1846ஆம் ஆண்டிலே அன்னா தைன் என்னும் ஆங்கிலச் சீமாட்டி, டோர்க்கி என்னும் கரையோர நகரிலே பொறுக்கிய கல் முருகைகளைச் சாடியிலிட்டு இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நீர் கெடாதிருக்க என்ன வழி? திறந்த சாளரத்தின் முன்னின்று கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி ஊற்றுவதே வழி. நாள்தோறும் அதனைச் செய்தவள் பணிப்பெண். முருகைகள் பிழைத்தன, பெருகவுஞ் செய்தன. சீமாட்டியின் பெயரை வரலாறு குறித்து வைத்தது; பணிப்பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எக்காலத்தும் அப்படித்தானே!

அடுத்து வந்தவர் பிலிப் கோஸ் என்னும் இயற்கை நூலறிஞர். 1854இல் அவர் வெளியிட்ட நூல் இங்கிலாந்து முழுவதையும் கண்ணாடித் தொட்டி மோகத்தில் ஆழ்த்தியது. விளைவு யாது? கூடையும் சுத்தியலும் ஏந்திய கூட்டம் கரையோரப் பாறைக் குளங்களைத் துடைத்தெடுத்தது. தந்தையின் நூல்களே அவ்வழிவுக்கு வழிகாட்டின என்று மகன் எட்மண்ட் கோஸ் 1907இலே மனம் நொந்து எழுதினார். அன்று குளிர்நாட்டுக் கரையிலே நடந்ததுதான் இன்று இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் விமானமேறி நடக்கின்றது.

இனி, வளர்ப்பதற்கு வேண்டியவை எவை? கிளைக்கொம்பு முருகைக்கு 25 அல்லது 26 பாகை செல்சியசு வெப்பம் ஏறாமல் இறங்காமல் வேண்டும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு வேண்டும். பத்து இலட்சத்துக்கு 400 முதல் 450 பங்கு கல்சியமும் ஏறக்குறைய 1300 பங்கு மகனீசியமும் வேண்டும். முருகை வளர வளர இவற்றைக் குடித்துத் தீர்க்கும். குடித்ததை நாள்தோறும் ஈடுசெய்யவேண்டும். இதற்கு மேனாட்டார் கண்ட மருந்துகளுள் ஒன்று என்னவென்றால், வாசகர்கள் வியப்படையக்கூடும், நமது வெற்றிலைப் பெட்டியிலிருக்கும் சுண்ணாம்பின் தெளிநீரே! மிகுந்தால் அதுவே கொல்லும். இவற்றோடு உச்சிவெயிலை ஒத்த விளக்கு, இராப்பகல் ஓயாத நீரோட்டம், மாசை நுரைத்தெடுக்கும் கருவி யாவும் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு முடிவிலே இந்நாட்டில் ஒரே நாளிற் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. அப்படியொரு நாளிலே பம்பி நின்ற தொட்டியின் கதி யாதாகும்?

கமக்காரர்க்கு ஒரு சொல். வலிகாமத்துக் கிணறுகளிலே உரத்தால் ஏறியிருக்கும் நைத்திரேற்று, வெங்காயப் பாத்திக்கு ஊட்டமாகலாம். முருகைத் தொட்டிக்கு நஞ்சுக்கு ஒப்பானது. அழுக்குப்பாசி எழுந்து முருகையை மூடிவிடும். ஆகையால் வடித்துச் சுத்திகரித்த நீரின்றி இத்தொழிலிற் காலெடுத்து வைக்கவே முடியாது. புதுத் தொட்டியிலே அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் குடியேறவே நாலாறு வாரம் செல்லும். முதல் வாரமே மீனை விடுகின்ற அவசரக்காரர் மீனுக்குக் குழி தோண்டுகின்றார்.

மீன்களின் கதை இன்னும் சோகமானது. அழகைக் கண்டு வாங்குகின்றார்களேயன்றி, ஒன்றோடொன்று ஒத்து வாழுமா என்று எவர் கேட்கின்றார்? வண்ணத்துப்பூச்சி மீன்களிற் பல முருகையின் உயிரையே கொத்தித் தின்பவை. சில வேறெதனையும் தொடமாட்டா. அவற்றை முருகைத் தொட்டியிலே விடுவது கத்தரித் தோட்டத்திலே ஆட்டை அவிழ்த்துவிடுவதற்கு ஒப்பாகும். வேறு தொட்டியில் விட்டாலோ பட்டினியாற் சாகும். மண்டரின் என்னும் சித்திர மீன் பகல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளைப் பொறுக்கி உண்பது. முதிராத தொட்டியிலே அதற்கு உணவில்லை. கடைக்காரனோ "எதையும் தின்னும், ஐயா" என்று சத்தியஞ் செய்கின்றான். நமது தீவைச் சூழ்ந்த கடலிலே வாழும் தூள்நீல மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் பார்களிலே மேய்ந்து திரிவது அது. நாலடித் தொட்டியிலே இரண்டை அடைத்தால் ஒன்று மற்றதைக் கொல்லும்வரை ஓயாது. வெண்புள்ளி நோய் அதனை முதலிலே பிடிக்கும். அந்நோய்க்கு மருந்து செப்பு. செப்போ முருகையைக் கொல்லும். எனவே நோயுற்ற மீனை முருகைத் தொட்டியில் வைத்து மருந்திட வழியில்லை. புதிதாக வாங்கிய மீனை வேறொரு தொட்டியிலே பல வாரம் தனிப்படுத்தி வைத்த பின்னரே சேர்க்கவேண்டும். இதனைச் செய்பவர் எத்தனை பேர்? முருகைகளுங்கூடச் சாதுவானவை அல்ல; இரவிலே நீண்ட உணர்கொம்புகளை வீசி அயலானைச் சுட்டெரிக்கும் இனங்கள் உண்டு. அவற்றுக்கிடையே எல்லை விட்டு நடவேண்டும். எல்லைத் தகராற்றைப் பற்றி நமது அப்புக்காத்துமாருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் முற்றாகத் தடைசெய்துவிடுவோம்" என்று துள்ளியெழும் தூய்மைவாதிகளும் உளர். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. முருங்கைக் கம்பை முறித்து நட்டால் முருங்கை தழைப்பதுபோல, கிளைக்கொம்பு முருகையின் விரலளவு துண்டை முறித்துக் கல்லிலே ஒட்டி வைத்தால் அது தழைக்கும். நல்ல நிலையிலே சில இனங்கள் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். கடலைத் தொடாமலே ஒரு தாயிலிருந்து நூறு பிள்ளை எடுக்கலாம். கோமாளி மீன் பல பத்தாண்டுகளாகத் தொட்டிகளிலே பொரிக்கப்பட்டு வருகின்றது. ஹவாயின் மஞ்சள் மீனையும் 2015இலே பொரிக்கச் செய்தார்கள். சுலாவெசியின் பங்கை தீவுகளுக்கே உரிய பங்கை மீனிலே, தந்தை முட்டையை வாயிலடக்கிக் காத்துக் குஞ்சாக்குகின்றது. வீட்டிலே பெருக்குவதற்கு இதனினும் இலகுவான கடல் மீன் அரிது. அப்படியிருந்தும் அதனைக் கடலிலிருந்து வாரியெடுத்து, அழிவை நோக்கிய இனங்களின் பட்டியலிலே ஏற்றிவிட்டார்கள்! மலிவு ஒன்றே காரணம். பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் சயனைட்டு நஞ்சைப் பீச்சி மீனை மயக்கிப் பிடித்தவர்கள் பாரையும் சேர்த்தே கொன்றதும் இதே மலிவுக்காகத்தான்.

தடையின் பயன் யாதென்பதற்கு இந்தோனேசியாவே சான்று. 2018 மே மாதத்திலே அந்நாடு முருகை ஏற்றுமதியை ஒரேயடியாக நிறுத்திற்று. கடலிலே தட்டுக்கட்டித் துண்டு நட்டு வளர்த்த கிராமத்தானும், பாரை உடைத்து விற்றவனும் ஒரே கோலால் அடிக்கப்பட்டார்கள். வளர்ப்பு முருகைக்கு 2020இலேதான் மீண்டும் வழி திறந்தது. கள்ளனையும் கமக்காரனையும் பிரித்தறியாத சட்டம் எங்கே இயற்றப்பட்டாலும் குருட்டுச் சட்டமே.

பார் அழிந்தால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் 2004 டிசம்பர் 26ஐ நினைவு கொள்ளட்டும். பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையிலே அலை சில மீற்றர் உயரத்தோடு கரையண்மையில் ஓய்ந்தது. சிறிது தூரம் வடக்கே, முருகைக்கல் அகழப்பட்ட பெரலியவிலோ அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்து, புகைவண்டியையே கவிழ்த்தது என ஆய்வாளர் கண்டனர். அங்கே பாரைத் தின்றது மீன்தொட்டி அன்று, சுண்ணாம்புச் சூளை. நீதியாக அதனையும் சொல்லிவிடுகின்றோம். 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வகழ்வைத் தடைசெய்தது. ஆனால் சூளைக்குப் போவதைத் தடுத்துவிட்டு வரவேற்பறைக்குப் போவதற்குக் கதவைத் திறந்துவிட முடியுமா? கடல் சூடேறி, 2024 ஏப்ரலிலே நாலாவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்ட பின்னரும் எஞ்சியிருப்பதைச் சுரண்டுவதற்கு எவருக்கு உரிமை?

நாம் கேட்பவை பெரியவை அல்ல. விற்கப்படும் ஒவ்வொரு மீனும் முருகையும் கடலிற் பிடித்ததா, தொட்டியில் வளர்ந்ததா என்று கடைக்காரன் எழுத்திலே தரவேண்டும். முழுகிப் பிடிக்கின்ற நமது கரையோர இளைஞருக்கு, பிடிப்பதினும் கூடிய கூலி வளர்ப்பிலே கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். ஏற்றுமதிக்காரன் வாங்கும் விலைக்கும் இலண்டனிலே விற்கும் விலைக்கும் இடையேயுள்ள பள்ளத்தை முதலில் அளந்து பார்க்கட்டும். வாங்குகின்ற நம்மவர்க்கோ ஒரு வேண்டுகோள்: முதலாண்டிலே தொட்டியிற் பொரித்த கோமாளிச் சோடி ஒன்றும், எளிதில் வளரும் மென்முருகைத் துண்டு இரண்டும் போதும். கிளைக்கொம்பு முருகையின் விலையை, அந்தத் துண்டுகள் இரண்டும் ஓராண்டு உயிரோடிருந்த பின்னர் விசாரிக்கலாம்.