பூஜ்யம் சாட்சி ஆகாது

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரி நிலத்தில் விளையும் மக்காச்சோளமும் பருத்தியும் மல்லியும் களத்திலோ கமிஷன் கடையிலோ எடைக்கு ஏறும்போது, எலக்ட்ரானிக் தராசில் பூஜ்யம் நிற்கிறதா என்று விவசாயி பார்த்துக்கொள்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் பூஜ்யத்தை வைத்து எடை சரி என்று சொல்லிவிட முடியாது. கொள்முதல் நடக்கும் ஒவ்வொரு தராசுக்குப் பக்கத்திலும் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் இருக்க வேண்டும். விற்பவர் கேட்டால் ஏற்றிக் காட்ட வேண்டும். இதைக் கட்டாயமாக்குவது அவசியம்.

தட்டுக்கு அடியில் உள்ள லோட் செல் ஓர் உலோகக் கட்டை. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டிய மெல்லிய உலோக இழைகளின் மின்தடை அதற்கேற்ப மாறும். 100 கிலோ செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்திலும் திரும்பி வருவது பொதுவாக 10 மில்லிவோல்ட்தான். இதில் 20 கிராமுக்கு உரியது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. எச்எக்ஸ்711 போன்ற மலிவான சிப்பே இதை 128 மடங்கு பெருக்கி எண்ணாக்கிவிடுகிறது. செல்லுக்குப் போகும் மின்னழுத்தத்தோடுதான் ஒப்பிடுகிறது என்பதால் பேட்டரி சற்று இறங்கினாலும் எடை மாறாது. 'கரண்டு சரியில்லை' என்ற சமாதானத்தை எளிதில் நம்ப வேண்டாம். கோளாறு அடுத்த படியில் நுழையலாம். வெற்றுத் தட்டின் எண்ணைக் கழித்து, மிச்சத்தை நினைவகத்தில் உள்ள ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால்தான் கிலோ வரும். அந்தப் பெருக்கெண் 2 சதவீதம் குறைந்தால் 100 கிலோ மூட்டை 98 ஆகும். 40 மூட்டைக்கு 80 கிலோ போச்சு. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே! எடைக்கல்லை வைத்தால் மட்டும் 19.600 என்று காட்டிக்கொடுக்கும்.

தொழிலாளர் துறை ஆண்டுதோறும் முத்திரை போடுகிறதே என்பார்கள். போடுகிறது, ஆனால் மூட்டையைத் தூக்கி எறிந்தும் வெயிலில் காயவிட்டும் புழங்கும் தராசு பன்னிரண்டு மாதமும் அன்றிருந்தபடியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தராசுக்காரர் எல்லாரையும் திருடர் ஆக்குவதா என்றும் கேட்கலாம். நேர்மையான வியாபாரிக்கு இந்தக் கல்லே பாதுகாப்பு. வீண் சண்டை மிச்சம். மூட்டை ஏறிய பிறகு பொத்தானை அழுத்தி எடையைக் குறைப்பவரை வெறும் தட்டில் வைத்த கல் பிடிக்காது என்பது மட்டும் வலுவான ஆட்சேபம். பெருக்கெண்ணை மாற்றிக் குறைத்திருந்தால் அதற்கும் வழி உண்டு: தட்டில் மூட்டை இருக்கும்போதே அதன் மேல் கல்லை வைக்கச் சொல்லலாம், எடை 20 கிலோ கூட வேண்டும். இந்த ஏற்பாட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் தொடங்கலாம். கமிஷன் கடைகளுக்கு ஓர் அறுவடைக் காலம் அவகாசம் கொடுத்தால் போதும்.