துப்பாக்கி லைசென்ஸும் வைத்தியர் கையெழுத்தும்

பிரஜைகள் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்துக்கொண்டு வெளியில் நடமாடுவதற்கு வழியே வைக்காத கடைசி மாநிலமாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இல்லினாய் 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை தனித்து நின்றது. சிகாகோ மாநகரைத் தன்னகத்தே கொண்ட அம்மாநிலம் அந்நிலையை மனமுவந்து கைவிடவில்லை. 2012 டிசம்பர் 11ஆம் தேதி, ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பின் வாயிலாக, தற்காப்பின் பொருட்டு ஆயுதம் தாங்கும் உரிமை வீட்டு வாசற்படியோடு முடிந்துபோவதன்று என்று கூறி, மாநிலத்தின் தடையை அரசியல் சாசனத்துக்கு விரோதமானதெனத் தள்ளியதோடு, புதிய சட்டம் இயற்றிக்கொள்ள 180 நாள் தவணையும் கொடுத்தது; அமர்விலிருந்த மூவருள் ஒருவர் மாறுபட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தவணை மேலும் முப்பது நாள் நீட்டப்பட்டது. அதன் கடைசி நாளாகிய 2013 ஜூலை 9 அன்று, கவர்னர் பாட் க்வின் தம் திருத்தங்களை எழுதித் திருப்பியனுப்பியிருந்த மசோதாவை, சட்டசபையின் இரு அவைகளும் அத்திருத்தங்களை ஒதுக்கிவிட்டுச் சட்டமாக்கின.

இதன் அரசியலைப் பற்றித் தினசரிகள் எழுதின. சாசன நுட்பங்களைப் பற்றி வழக்கறிஞர்கள் எழுதினார்கள். மனநோய் வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்ட நாம் அவ்விரண்டையும் அவரவர்களுக்கே விட்டுவிடலாம். நம் கவனத்துக்குரியது, அச்சட்டத்தின் நடுப்பக்கங்களில் நமது தொழிலுக்கென்று போடப்பட்டிருக்கும் நாற்காலி. அதில் உட்காரும்படி நம்மைக் கேட்டவர்கள், நம்மால் என்ன இயலும், என்ன இயலாது என்பதை விசாரித்துவிட்டுத்தான் கேட்டார்களா என்ற சந்தேகமே இவ்வுரைக்குக் காரணம்.

லைசென்ஸ் கோருபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 1968 முதல் அம்மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருப்போர் அனைவருக்கும் கட்டாயமாயிருக்கும் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். பதினாறு மணி நேரப் பயிற்சி முடித்து, ஐந்து, ஏழு, பத்து கஜ தூரங்களிலிருந்து பத்துப் பத்தாக முப்பது குண்டுகள் சுட்டு, நூற்றுக்கு எழுபது வீதம் இலக்கில் பட்டிருக்க வேண்டும். கட்டணம் 150 டாலர், ஆயுள் ஐந்து ஆண்டு என்ற அளவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. இவையெல்லாம் எண்ணியும் அளந்தும் தீர்த்துவிடக்கூடியவை. இவற்றுக்கு அடுத்தாற்போல், முந்தைய ஐந்தாண்டுகளுக்குள் மதுப் பழக்கத்துக்கோ போதைப் பழக்கத்துக்கோ விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றவருக்கு லைசென்ஸ் இல்லை என்கிறது சட்டம். அடையாள அட்டைக்கும் அவ்வாறே: ஐந்தாண்டுகளுக்குள் மனநோய் மருத்துவ நிலையத்தில் உள்நோயாளியாக இருந்தவருக்கு அட்டை மறுக்கப்படும், அதற்கு முன்னால் இருந்தவராயின், அவரால் அபாயமில்லை என்று நம்மவர் ஒருவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தாக வேண்டும். போலீஸார் ஆட்சேபிக்கும் விண்ணப்பங்களை விசாரிக்க எழுவர் கொண்ட வாரியம் ஒன்று உண்டு. முன்னாள் நீதிபதி, அரசாங்க வழக்கறிஞராயிருந்தோர், துப்பறியும் அதிகாரிகளாயிருந்தோர் ஆகியோரோடு, மனநோய்ச் சிகிச்சையில் ஐந்தாண்டு அநுபவமுள்ள ஒரு டாக்டர் அல்லது மனோதத்துவ நிபுணருக்கும் அதில் இடமுண்டு. எழுவரில் ஒருவர்.

எல்லாவற்றிலும் பாரமானது இனிமேல்தான் வருகிறது. தம்மிடம் வரும் ஒருவர் தமக்கோ பிறருக்கோ தெளிவான, உடனடியான அபாயம் விளைவிக்கக்கூடியவர் என்று டாக்டரோ மனோதத்துவ நிபுணரோ முடிவு செய்தால், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதனை மாநிலத்தின் மனித சேவைத் துறைக்கு அறிவிக்க வேண்டும். அத்துறை போலீஸுக்குத் தெரிவிக்கும். அறிவித்ததற்காகவோ அறிவியாமலிருந்ததற்காகவோ, மனமறிந்த தவறு இருந்தாலன்றி, வைத்தியர்மீது வழக்குத் தொடர முடியாது என்று சட்டமே காப்பும் அளிக்கிறது. இந்தக் கடமையைப் பார்த்தமாத்திரத்தில் பதறுகிறவர்கள் நம்மிடையே உண்டு. நாம் அவர்களோடு சேர்பவரல்லோம். அபாயம் கண்ணெதிரே நிற்கையில் ரகசியத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தர்மமாகாது என்பதை, கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1976இல் டாராசாஃப் வழக்கில் சொல்வதற்கு முன்னரே, மனசாட்சியுள்ள வைத்தியர் ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். மேலும், இந்த விதி கேட்பது நோயின் பெயரை அன்று; அன்றைய தினத்தில் அம்மனிதன் இருக்கும் நிலையை. நிலையைப் பார்ப்பது நமது தொழில்.

ஆனால் அதே சட்டம், ஒரு கையால் நிலையைக் கேட்டுவிட்டு, மறு கையால் சரித்திரத்தைக் கேட்கிறது. நான்காண்டுகளுக்கு முன், பிரசவத்துக்குப் பிந்திய சோர்வினால் தாமாகவே மருத்துவமனையில் வந்து சேர்ந்து, பத்து நாள் இருந்து குணமடைந்து சென்ற ஒரு பெண்மணி, இன்று அட்டைக்குத் தகுதியற்றவர். ஒருநாளும் எந்த வைத்தியர் வாசலையும் மிதியாமல், குடித்துவிட்டு மனைவியை மிரட்டிக்கொண்டிருக்கும் அவருடைய அண்டை வீட்டுக்காரர், போலீஸ் ஏட்டில் பெயர் ஏறாதவரை, தகுதியுள்ளவர். அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும் அதே மணிக்கணக்கில் அறிவிக்கும்படி சொல்லியிருப்பது அதனினும் விந்தை. அபாயம் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

மனநோயாளருக்கும் வன்முறைக்குமுள்ள சம்பந்தம் என்ன என்பது நமக்குப் புதிய கேள்வியன்று. 1990இல் வெளியான ஜெஃப்ரி ஸ்வான்சன் முதலியோரின் கணக்கும், 1998இல் ஹென்றி ஸ்டெட்மன் முதலியோர் வெளியிட்ட மக்ஆர்தர் ஆய்வும் நம் மாணவர்களுக்குப் பாடம். சமூகத்தில் நிகழும் வன்செயல்களுள் கடும் மனநோயின் பங்கென்று பிரித்துச் சொல்லக்கூடியது சுமார் நூற்றுக்கு நான்கு; மருத்துவமனையிலிருந்து திரும்பியவர், மது, போதைப் பழக்கம் இல்லாதவராயின், தம் தெருவில் வசிக்கும் அதே பழக்கமில்லாத ஏனையோரைவிட அதிகமாக வன்முறையில் இறங்குவதில்லை. இந்த உண்மையை வைத்துப் பார்த்தால், விடுதிச் சிகிச்சை பெற்ற குடிகாரரைத் தடுப்பதிலாவது ஒரு நியாயம் தென்படும். ஆனால் அங்கும் தடுக்கப்படுபவர் சிகிச்சைக்கு வந்தவரேயன்றி வராதவர் அல்லர் என்ற இடறல் நம் காலில் மீண்டும் தட்டுகிறது.

சிகிச்சைக்கு வந்தவரைத் தண்டிக்கும் சட்டம் சிகிச்சையிலிருந்து மனிதரை விரட்டும். துப்பாக்கியைத் தொழிலாகவே கொண்ட காவலாளி, போலீஸ்காரர், படையிலிருந்து திரும்பியவர் ஆகியோர், அட்டை போனால் பிழைப்புப் போகும் என்ற அச்சத்தால் மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடத் தயங்குவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய மனோதத்துவம் வேண்டியதில்லை.

அறிவித்தவுடன் அபாயம் நீங்கிவிடுகிறது என்ற நம்பிக்கையும் பரிசோதிக்கத்தக்கது. டாராசாஃப் விவகாரத்தில், 1969இல், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொல்லிப் பின்னர் கொன்றும்விட்ட இளைஞனுக்குச் சிகிச்சையளித்த மனோதத்துவ நிபுணர் வாய் திறவாதிருந்தார் என்று பலரும் தவறாக நினைக்கின்றனர். பல்கலைக்கழகப் போலீஸுக்கு அவர் சொல்லவும் செய்தார், எழுதவும் செய்தார். அவர்கள் அந்த இளைஞனை அழைத்துப் பேசிப் பார்த்து, தெளிவாகத்தான் பேசுகிறான் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மாத்திரம் யாரும் சொல்லவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், இதே இல்லினாயில், 2022 ஜூலை 4ஆம் தேதி, ஹைலண்ட் பார்க் நகரத்துச் சுதந்திர தின ஊர்வலத்தின்மீது ஓர் இளைஞன் சுட்டு ஏழு பேர் மாண்டனர். வீட்டாரையே கொன்றுவிடுவதாக மிரட்டினான் என்று 2019இலேயே உள்ளூர்ப் போலீஸார் அவனைப் பற்றி 'தெளிவான, உடனடியான அபாயம்' என்ற அறிக்கையை மாநிலப் போலீஸுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்போது ரத்துச் செய்வதற்கு அவனிடம் அட்டையே இல்லை. சில மாதங்கள் கழித்து, தந்தையார் பொறுப்பேற்றுக் கையெழுத்திட, அட்டை வழங்கப்பட்டது. இரண்டிடத்தும் தகவல் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் உறங்கிற்று. ஆகவே, ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டுக் கையலம்பிக்கொள்ளும் வைத்தியர், தம் கடமையில் பாதியைத்தான் செய்தவராகிறார்.

இனி, விவாதத்தில் இரு கட்சியாரும் அதிகம் பேசாத விஷயத்துக்கு வருவோம். மறைத்து ஏந்தும் துப்பாக்கியைப் பற்றிய வாதங்கள் யாவும், இருட்டில் எதிர்ப்படும் அந்நியன் ஒருவனைக் கற்பித்துக்கொண்டு நிகழ்பவை: அவனிடமிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்பார் ஒரு சாரார், அவன் கையிலேயே துப்பாக்கி போய்விடும் என்பார் மறு சாரார். அந்நாட்டில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். நம் அறைக்கு வரக்கூடியவர்களும், வந்து போனவர்களும் இவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். இல்லினாய்ச் சட்டம் மருத்துவமனைக்குள் துப்பாக்கி கூடாதென்று விலக்கி, நான்கங்குலத்துக்கு ஆறங்குலம் அளவில் வாசலில் அறிவிப்பு ஒட்டச் சொல்கிறது. வண்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு வர இடமும் கொடுக்கிறது. மனமுடைந்து வந்த நோயாளி நம்மெதிரே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில், அவருடைய கைத்துப்பாக்கி வெளியே வண்டியில் காத்திருக்கிறது. மாலையில் அவரோடு வீட்டுக்கும் போகிறது. அறிவிப்பு அட்டை அதைத் தடுக்காது. கேள்வி ஒன்று தடுக்கலாம்.

அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாதென்று ஃப்ளோரிடா மாநிலம் 2011இல் ஒரு சட்டம் செய்தது என்றால் நம் வாசகர்கள் வியப்படையக்கூடும். சிகிச்சைக்கு அவசியமென்று கருதினாலன்றி, வீட்டில் துப்பாக்கி உண்டா என்று டாக்டர் விசாரிப்பதே ஒழுங்கு நடவடிக்கைக்குரியதாயிற்று. 2017இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அத்தடையைப் பேச்சுரிமைக்கு முரணென்று நீக்கியது. ஒரு மாநிலம் வைத்தியரைக் 'கேளாதே' என்றது, மற்றொன்று 'சொல்லாமலிராதே' என்றது. இரண்டும் ஒரே தேசத்தில், இரண்டாண்டு இடைவெளியில். அதற்குள் காலமும் மாறிவிட்டது. 2022 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றம், தனித்த அவசியத்தைக் காட்டினால்தான் லைசென்ஸ் என்ற நியூயார்க்கின் பழைய விதியை ரத்துச் செய்தது. லைசென்ஸே வேண்டியதில்லை என்னும் மாநிலங்கள் இன்று பாதிக்கு மேல். வடிகட்டி ஒவ்வொன்றாகக் கழன்று விழும் ஊரில், வைத்தியர் கேட்கும் கேள்வி ஒன்றுதான் மிஞ்சும் போலிருக்கிறது.

கருவியைக் கைக்கெட்டாமற் செய்வதன் பலனைத் தெரிந்துகொள்ள நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. இலங்கையில் 1995ஐ ஒட்டி மிகக் கொடிய பூச்சிமருந்துகளும், 1998இல் எண்டோசல்ஃபானும் தடை செய்யப்பட்டபின், 2005க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அத்தீவின் துயரங்கள் குறைந்துவிடவில்லை. யுத்தமும் முடிந்துவிடவில்லை. மரண எண்ணம் பெரும்பாலும் வந்து தணிந்து போகும் அலை. அது உச்சத்தில் நிற்கும் அந்தச் சிறு பொழுதில் கைக்கருகே என்ன இருக்கிறது என்பதுதான் பலருடைய விதியைத் தீர்மானிக்கிறது.

நமது இந்திய தேசத்தில் துப்பாக்கி அரிது. ஆனால் கையெழுத்து அரிதன்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, லைசென்ஸ் மறுக்கத்தக்க காரணங்களுள் சித்தசுவாதீனமின்மையையும் சேர்த்திருக்கிறது; அதற்கான அத்தாட்சியைத் தேடி வருவோர் நம் வாசலுக்குத்தான் வருகிறார்கள். இவ்வுரையை எழுதுபவரும், தொழிலுக்கு வந்த புதிதில், மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில், நகை வியாபாரி ஒருவருக்குப் பத்து நிமிஷத்தில் அப்படியோர் அத்தாட்சி எழுதிக் கொடுத்தவர்தாம். அவருக்குத் தூக்கம் எப்படி, குடி உண்டா, வீட்டில் யார் யார், அலமாரிச் சாவி யாரிடம் என்று ஒன்றும் கேட்கவில்லை. வியாபாரிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்பது வியாபாரியின் அதிர்ஷ்டம், எழுதியவரின் சாமர்த்தியமன்று. பிறருக்கு ஹிம்சை நேராமல் காப்பதற்கு அவசியமான அளவுக்கு மாத்திரம் ரகசியத்தை வெளியிடலாம் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நமக்கு இடமளிக்கிறது. அந்த 'அவசியமான அளவு' எது என்பதை நம் சங்கக் கூட்டங்களில் நாம் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை.

ஆகையால் வாசகர்களாகிய தங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, தற்கொலை எண்ணத்தைப் பற்றி விசாரிக்கும் நோயாளிக் குறிப்பேட்டில், வீட்டில் உள்ள பூச்சிமருந்து, மாத்திரை, ஆயுதம் எது, அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று எழுதுவதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். இரண்டாவது, ஆயுத லைசென்ஸுக்காகத் தாங்கள் எழுதிக் கொடுக்கும் அத்தாட்சியின் வாசகத்தையும், அதை எழுதுமுன் கேட்கும் கேள்விகளையும், பெயர் முதலிய அடையாளங்களை நீக்கி நமக்கு அனுப்பி வையுங்கள். வந்தவற்றை ஒப்பிட்டு அடுத்த இதழில் வெளியிடுவோம்.