மார்க்கு 42! மீதி 58 எங்கே?

தாம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் மார்க்கு அட்டையை நீட்டுகிறான். கணக்கில் 42. அப்பா முதுகில் ஒன்று வைக்கிறார். கையெழுத்துப் போடுகிறார். விசாரணை முடிந்தது!

பையனுக்குப் பெருக்கல் வரவில்லையா? பின்னம் புரியவில்லையா? கேள்வியையே படிக்கத் தெரியவில்லையா? 42 என்ற எண் அதைச் சொல்லாது.

போன ரேங்க்

முன்பெல்லாம் பத்தாம் வகுப்பு, பிளஸ்-2 முடிவு வந்தால் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பார்கள். பத்திரிகைகள் படம் போடும். (பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மறைப்பானேன்?) 2017 மே மாதம் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் அறிவித்தார். பிளஸ்-2 மொத்த மார்க்கும் 1,200-லிருந்து 600 ஆயிற்று. கூடவே பிளஸ்-1-க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் அதுவும் போயிற்று.

ரேங்க் போனது. மார்க்கு மோகம் போகவில்லை. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் சாயங்காலம் டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும்.

மார்க்கு வாங்கிய அம்மா

2012-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. 100 மார்க்கில் 60 பருவத் தேர்வுக்கு. 40 மார்க்கு, வகுப்பில் பிள்ளை செய்யும் வேலைக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல வீடுகளில் சார்ட் பேப்பரில் படம் வெட்டி ஒட்டியது அம்மா. மார்க்கு மட்டும் மகனுக்கு!

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. சின்னப் பிள்ளைகள் எழுத்தையே மறந்தார்கள். 2022 ஜூனில் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 3-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று முதலில் சோதித்தார்கள். அதன்படி அரும்பு, மொட்டு, மலர் என மூன்று பிரிவு.

மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் அந்தப் பிள்ளை அரும்பு. அதற்கு அந்த இடத்திலிருந்தே பாடம். தேறினால் மொட்டு. பிறகு மலர். இந்தச் சோதனை பாஸ், பெயில் சொல்ல அல்ல. நாளைக்கு வாத்தியார் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று காட்ட!

குறையும் உண்டு. சோதனை முடிவைச் செல்போனில் பதிவதிலேயே பாட நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன. நியாயமான முறையீடு.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பெயில் கிடையாது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடும். அதன் பிறகு பொதுத்தேர்வுக்கு இரண்டே வருஷம். அப்போது கண்டுபிடித்து என்ன பயன்?

தாம்பரத்து அப்பா அடுத்த முறை பள்ளிக்கூடம் போகும்போது விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். 58 மார்க்கு எந்தக் கணக்கில், எந்த வரியில் போயிற்று என்பது அதில்தான் இருக்கிறது.